கடைசித் தடத்தில் ஒரு புள்ளி

இது நான் நேரில் பார்த்தது இல்லை. இசக்கியம்மாளோடு விடுதியில் ஒரே அறையில் இருந்த ரெஜினா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரெஜினாவுக்கு இசக்கியம்மாளே சொன்னது, அதுவும் ஒரே நாளில் இல்லை, துண்டு துண்டாக. அந்த நாற்பது நிமிடம் அவள் மனதில் ஓடியதை எழுதும்போது என் மனதையும் எங்கேயாவது சேர்த்திருப்பேன். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை. என் வீட்டிலும் கல்லூரி வாசல் ஏறிய முதல் ஆள் நான்தான்.

கண்ணாடித் தொட்டிக்கு மூடியைப் பொருத்தியபோது ஆய்வகத்துச் சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. ஏறி முடிய நாற்பது நிமிடம் ஆகும். இரண்டு ஐம்பதுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தபின் தெரியாதது மாதிரி இருக்க முடியாது, அதனால் இந்த நாற்பது நிமிடம்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு வழக்கம்போல வலது கையைக் கன்னத்துக்கு முட்டுக் கொடுத்து முக்காலியில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை. ஆயுத பூஜைக்கு விட்ட விடுமுறை இன்றோடு முடிகிறது. பூஜையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் குளிர்பெட்டியின் கதவிலும் மையவிலக்கியின் மூடியிலும் காய்ந்து வெடித்திருந்தன. மூலையில் சிந்திய பொரியை எறும்புகள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தன. கோயம்புத்தூருக்கு வந்து மூன்றாவது ஆயுத பூஜை. மூன்றுக்கும் ஊருக்குப் போகவில்லை. முதல் வருடம் கேட்டவர்களிடம் வேலை இருக்கிறது என்றாள், இரண்டாம் வருடமும் அதையே சொன்னாள், இந்த வருடம் யாரும் கேட்கவில்லை. தொட்டிக்குள் பிளேட் நின்றது. கண்ணாடித் துண்டின் மேல் மாவு பூசியதுபோல் வெள்ளையாகச் சிலிக்கா, அடியில் பென்சில் கோடு, கோட்டின் மேல் கொழுப்பைச் சொட்டு வைத்திருந்தாள். கீழே ஊற்றியிருக்கும் ஹெக்சேன் கலவை பிளேட்டில் ஊறி மேலே ஏறும், ஏறும்போது ஒவ்வொரு சொட்டின் கொழுப்புகளையும் அதற்குரிய தடத்தில் கூட்டிக்கொண்டு போகும், ஒவ்வொன்றும் அதனதன் குணத்துக்கு ஏற்ற உயரத்தில் நின்றுவிடும். தலையுள்ள லிப்பிட்டுகள், அதாவது தண்ணீரோடு ஒட்டும் பாஸ்பேட் தலை உள்ளவை, சிலிக்காவைப் பிடித்துக்கொண்டு கோட்டைவிட்டு நகரவே நகராது. தலையே இல்லாத வெறும் வால்கள் எதையும் பிடித்துக்கொள்ளாமல் உச்சிவரை போய்விடும். உச்சியில் நிற்கிற ஒரு புள்ளியை நம்பித்தான் ஆறேழு மாதமாக அவள் இருக்கிறாள். நாளை பதினோரு மணிக்கு ஆய்வுக்குழு உட்காரும், அந்தப் புள்ளியைப் பார்க்கும், அவள் தொடரலாமா வேண்டாமா என்று சொல்லும். இப்போது ஈரத்தின் விளிம்பு கோட்டைத் தாண்டி ஒரு நகக்கண் அளவு ஏறியிருந்தது. மணி இரண்டு பதின்மூன்று.

புள்ளி முதலில் வந்தது பங்குனியில். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தித் தண்ணீர் செக்கச் செவேல் என்று ஆகும், அந்த உப்புக்கரிப்பில் வேறெதுவும் பிழைக்காது, ஒரு பாசி மட்டும் பிழைக்கும். அது எப்படிப் பிழைக்கிறது, அதன் செல்லைச் சுற்றிய சவ்வில் என்ன கொழுப்பு இருக்கிறது என்பதுதான் அவள் ஆய்வு. தண்ணீரைப் பிடித்து அனுப்பியது அம்மா. உப்பு வாருகிற வேலைக்கு நடுவில் சோடா பாட்டிலில் பிடித்து, பாலித்தீனில் சுற்றி, பேருந்து நடத்துநரிடம் கொடுத்து. அந்தப் பாசியின் தடத்தில் மட்டும், உச்சிக்கு ஒரு விரற்கடை கீழே, அயோடின் ஆவியில் காட்டியதும் தேன் நிறத்தில் ஒரு புள்ளி எழுந்தது. பக்கத்துத் தடங்களில் இல்லை. வசுமதி மேடம் பிளேட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் அவளுடைய வழிகாட்டி. அதுவரை அவள் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "அந்தப் பொண்ணு" என்றுதான். அன்றைக்கு, "இசக்கியம்மாள், மறுபடி போடு" என்றார். மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவையும் வந்தது. மூன்று தடவை வந்தால் உண்மை என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மூன்று தடவையும் அவளேதான் போட்டாள், அதே மேசையில், அதே மாதிரி உட்கார்ந்து, அதே வரிசையில். முதல் தடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கக் கடையில் வாங்கிய சுத்தமான கொழுப்பு மாதிரி, கடைசித் தடத்தில் பாசி. ஒழுங்கு மாறக் கூடாது என்று நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள். ஒரு தடவையாவது மாற்றி வைத்திருக்கலாமே. ஒரு தடவை சோம்பேறித்தனமாக, ஃபெரோஸ் அண்ணன் மாதிரி, எது எங்கே என்று பார்க்காமல்.

ஃபெரோஸுக்குப் புள்ளி வரவில்லை. மேடம்தான் அவரையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஆம்பூர்க்காரர், அதே ஆய்வகத்தில் அவளுக்கு நான்கு வருடம் மூத்தவர், வாயைத் திறந்தால் கிண்டல். பிளேட்டைக் கொண்டுவந்து காட்டி, "மேடம், எனக்கு ஒண்ணுமே வரல. இசக்கி ஏதோ மந்திரம் போடுறா. இல்லன்னா அந்தப் பாசி தூத்துக்குடிக்காரங்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும்போல" என்றார். அவள் சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை. "உன் அவசரத்துக்கு எது வரும் ஃபெரோஸ்? ஆறாம் வருஷம் இது. அவளைப் பார்த்துக் கத்துக்கோ. கைராசிக்காரி." ஃபெரோஸ் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கத்துக்கறேன் மேடம்" என்றார், அதில் கிண்டல் இல்லை. அதற்குப் பிறகு சில நாள் தேநீருக்குக் கூப்பிடவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். அண்ணன் சரியாகத்தான் போட்டார் மேடம், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன் என்று. சொல்லவில்லை. கைராசிக்காரி என்ற சொல் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியதே, அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. நல்ல கொழுப்பு அறைச் சூட்டிலேயே உருகும் என்று பாடத்தில் வரும், இல்லை, அப்படி வராது, அவளாக ஏதோ உளறுகிறாள். வால் நேராக இருந்தால் ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு உறையும், வாலில் ஓர் இடத்தில் வளைவு இருந்தால் நெருங்க முடியாமல் திரவமாகவே கிடக்கும். மார்கழியில் விடுதி அலமாரியில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்து, பக்கத்தில் நல்லெண்ணெய் சும்மா இருப்பது அதனால்தான். இதை அவள் சொன்னபோது ரெஜினா கண்ணை விரித்து, "இதுக்கா டீ மூணு வருஷம் படிக்கிற?" என்றாள். ரெஜினாவும் ஊருக்குப் போய்விட்டாள். மணி இரண்டு இருபத்திரண்டு. ஈரம் பாதிகூட ஏறவில்லை.

நேற்று சனிக்கிழமை. நாளைக்குக் காட்டுவதற்கு அழகாக ஒரு பிளேட் வேண்டும் என்று கடைசியாக ஒன்று போட்டாள். சொட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது பிளேட் மேசை விளிம்புக்கு வழுக்கியது, விழப் போனதை வலது கையால் பாய்ந்து பிடித்தாள், இடது பக்கத்து அடி மூலையில். உடையவில்லை. நல்ல நேரம் என்று நினைத்தாள். அயோடினில் வைத்தபோது கடைசித் தடத்தில் தேன் நிறப் புள்ளி வழக்கம்போல எழுந்தது. முதல் தடத்திலும் எழுந்தது. அதே உயரம், அதே நிறம். முதல் தடத்தில் இருப்பது உப்பளத்தையே பார்க்காத, சீல் வைத்த குப்பியிலிருந்து எடுத்த கொழுப்பு. அவள் பிளேட்டைப் பார்த்தாள், பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். அவளுக்கு இடது கைப்பழக்கம். சொட்டு வைப்பது இடது கையால், பிளேட்டை அசையாமல் அழுத்திப் பிடிப்பது வலது கையால், வலது பெருவிரல் போய் உட்காரும் இடம் வலது அடி மூலை, கோட்டின் மேலேயே, கடைசித் தடத்தில். அந்தக் கையில் உறை கிடையாது. ஆய்வகத்துக்கு வாங்குவது எல்லாம் பெரிய அளவு, ஆண்கள் கைக்கு. அவள் கையில் விரல் நுனியில் ஓர் அங்குலம் தொங்கும், தொங்குவது ஈரச் சொட்டில் பட்டுத் தேய்க்கும். அதனால் கொழுப்பைக் கரைத்து வைத்திருக்கும் குளோரோஃபார்மைத் தொடுகிற இடது கைக்கு மட்டும் போட்டுக்கொண்டு வலது கையைச் சும்மா விட்டுவிட்டாள். கையுறை கையைக் காப்பாற்றுவதற்கு என்றுதான் நினைத்திருந்தாள். கையிடமிருந்து பிளேட்டைக் காப்பாற்றுவதற்கும் அது வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஒருவேளை எல்லோருக்கும் அது தெரிந்திருப்பதால் சொல்லாமல் விட்டிருப்பார்கள். இந்த மாதிரி எத்தனையோ. எல்லோருக்கும் தெரிந்தவை, அதனால் எங்கேயும் எழுதி வைக்காதவை. மற்றவர்களுக்கு அப்பாவோ சித்தப்பாவோ யாரோ சாப்பிடும்போது சொல்லியிருப்பார்கள். நேற்றைய பிளேட்டை இழுப்பறையில் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குப் போனாள்.

இன்றைக்குப் போட்டது சின்ன பிளேட் மாதிரியே தெரியவில்லை, நீதிமன்றம் மாதிரி இருந்தது. நான்கு தடம். முதலாவதில் சுத்தமான மாதிரி. இரண்டாவதில் பாசி. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. நான்காவதிலும் ஒன்றும் இல்லை, அவள் வலது பெருவிரலை மட்டும் வழக்கம்போல வைத்து அழுத்தினாள். இரண்டாவதில் புள்ளி வந்தால் பாசியுடையது. நான்காவதில் வந்தால் அவளுடையது. கைபேசி மேசையில் அதிர்ந்தது. அம்மா. எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடிப்பாள். "ஏட்டி, சாப்ட்டியா?" சாப்பிட்டேன் என்றாள், விடுதி மெஸ் நாளைக்குத்தான் திறக்கும். "என்ன செய்யுத?" "வேலையா இருக்கேம்மா. ஒண்ணு ஏறிக்கிட்டு இருக்கு, பாத்துக்கிட்டு இருக்கேன்." "ஏறுததைப் பாக்கவா சம்பளம் தாராவ?" அம்மாவே சிரித்துக்கொண்டாள். "மழ வரப்போகுதுட்டி. வந்துட்டா தண்ணி வெளுத்துரும். இன்னும் ரெண்டு பாட்டில் பிடிச்சு வைக்கட்டா? கங்காணி கேக்காரு, ஒம் மவ நம்ம பாத்தியில என்னமோ கண்டுபிடிச்சிருக்காளாமேன்னு. பேப்பர்ல வருமாட்டி?" "யம்மா, எல்லார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்லா." "எல்லார்ட்டயும் சொல்லல. அவருட்ட, பொறவு வண்டிக்காரன்ட்ட, அந்த மாரிச்செல்விட்ட." அவள் தொட்டியில் ஈரத்தின் விளிம்பைப் பார்த்தாள். "ஏன் சத்தமே இல்ல? ஒத்தையிலயா இருக்க?" "இல்லம்மா, எல்லாரும் இருக்காங்க." வைத்துவிட்டாள். அம்மாவின் விரலில் ரேகை இல்லை, உப்பு அரித்துவிட்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் எத்தனை தடவை வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரியும், கடைக்காரர் துணியில் துடைத்துவிட்டு வை என்பார், துடைத்தாலும் அவள் யார் என்று அதற்குத் தெரியாது. வறண்டு வெடித்த அந்தப் பெருவிரலை வைத்திருந்தால் இந்தப் புள்ளியே வந்திருக்காதோ என்று நினைத்தாள், நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

மணி இரண்டு முப்பத்தொன்று. இப்போதே மூடியைத் திறந்து பிளேட்டை எடுத்துக் கழுவிவிடலாம். யாருக்குத் தெரியும்? நேற்றைய பிளேட்டை உடைத்துக் குப்பையில் போட்டால் முடிந்தது. பழைய மூன்று பிளேட்டின் புகைப்படம் இருக்கிறது, நாளைக்கு அது போதும். மேடம் ஏற்கெனவே ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார், அதில் அவள் பெயர் முதலில் இருக்கிறது, எழுத்தாக அதைப் பார்த்தபோது வேறு யாரோ மாதிரி இருந்தது. ஆனால் ஒருநாள் வேறு ஊரில் வேறு யாராவது கையுறை போட்ட கையால் இந்தப் பாசியை எடுத்துப் போடுவார்கள். அவர்களுக்கு வராது. அவர்களையும் யாராவது அவசரக்காரர்கள் என்பார்கள். அவளுக்கு முதல் வருடத்துக் கருத்தரங்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் அதுதான் வரும். சவ்வைப் பற்றிப் பேசினாள், இரண்டு வரிசையாக லிப்பிட்டுகள் நிற்கும், தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து, வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்து, எல்லா உயிரும் இந்த இரட்டை வரிசையால்தான் உள்ளே வெளியே என்று பிரிந்திருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார், "இந்த வால்களை ஒண்ணா சேத்து வெச்சிருக்கறது எதும்மா?" அவள் யோசிக்காமல், "ஒண்ணுக்கொண்ணு பிரியம் சார்" என்றாள். ஈர்ப்பு என்று சொல்ல நினைத்தாள், வாயில் அது வந்தது. அரங்கம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிரியமெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்லம்மா. தண்ணிக்குத் தன் கூட்டத்தை விட மனசு இல்ல. இதுங்களைச் சேத்துக்காம தள்ளிவிடுது. போக இடம் இல்லாம எல்லாம் ஒண்ணா ஒதுங்குது, அவ்வளவுதான்" என்றார். சரியான பதில். பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அன்று சாயங்காலம் மெஸ்ஸில் ஒரு மேசையில் ஆங்கிலம் பேசுகிற பெண்கள், இன்னொன்றில் கோவைக்காரர்கள், அவளும் ரெஜினாவும் இன்னும் இரண்டு பேரும் கைகழுவும் தொட்டி ஓரத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாலு பேருக்கும் ஒருவரையொருவர் அவ்வளவாகப் பிடிக்காது.

ஈரம் உச்சியை நெருங்கியது. வெளியே காவலாளியின் சைக்கிள் மணி கேட்டது, பிறகு அதுவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றுமே தெரியாது, பாசியின் செந்நிறத்தை முன்பே பிரித்து நீக்கியாயிற்று, மிஞ்சிய கொழுப்புகள் எல்லாம் நிறமற்றவை, அவை நகர்ந்துகொண்டிருக்கின்றன என்று நம்பத்தான் வேண்டும். இரண்டு நாற்பத்தொன்பது. இடுக்கியால் எடுத்தாள். இந்தத் தடவை விரலால் தொடவில்லை. ஜன்னலோரம் காய வைத்து, அயோடின் படிகம் போட்ட ஜாடிக்குள் இறக்கினாள். ஊதா ஆவி மெதுவாகத் தவழ்ந்தது. முதல் தடத்தில் வரவேண்டியவை வந்தன. இரண்டாவதில் பாசியின் கொழுப்புகள் கீழிருந்து ஒவ்வொன்றாக நிறம் பிடித்தன, உச்சிக்குக் கீழே இருக்கவேண்டிய இடம் வெள்ளையாகவே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளையாகவே இருந்தது. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. நான்காவதை அவள் கடைசியாகத்தான் பார்த்தாள். வெறும் வெள்ளையில், எதுவுமே வைக்காத தடத்தில், உச்சிக்கு ஒரு விரற்கடை கீழே, தேன் நிறத்தில், அழகாக, மற்ற எல்லாப் புள்ளிகளையும்விட அழுத்தமாக எழுந்து நின்றது.

மேடத்தைக் கூப்பிட்டாள். பின்னால் குக்கர் சத்தமும் தொலைக்காட்சிச் சத்தமும் கேட்டன. "மேடம், அந்தப் புள்ளி பாசியோடது இல்ல." "இல்லன்னா? வேற எதோடது?" "என் விரலோடது மேடம். நேத்துப் பிளேட்ல மொதத் தடத்துலயும் வந்துச்சு. இன்னிக்கு வெறும் விரலை வெச்சுப் போட்டுப் பாத்தேன். அதுலதான் வருது." குக்கர் இன்னொரு விசில் அடித்தது. மேடம் ஏதோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. "யார்கிட்டயாவது சொன்னியா?" "இல்ல மேடம்." "சரி. அந்த ஸ்லைடை எடுத்துடு. நாளைக்கு மத்ததை மட்டும் பேசு. சுருக்கத்தை நான் திரும்ப வாங்கிக்கறேன். யாரும் கேக்க மாட்டாங்க." திட்டவில்லை. இதைவிட நல்லபடியாக யாரும் அவளைக் காப்பாற்ற முடியாது. சரி மேடம் என்று சொல்ல வாய் திறந்தாள். "எடுத்துட்டா... ஃபெரோஸ் அண்ணன் போட்டது தப்புன்னே ஆயிடும் மேடம். அவரு சரியாத்தான் போட்டாரு." "ரெண்டு பிளேட்டையும் எடுத்துட்டு வா" என்றார் மேடம். "நீயே சொல்லிக்கோ. நான் சொல்ல மாட்டேன்."

சொன்னாள். தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. குழுவில் ஒருவர், இரண்டு வருடத்தில் நீ கண்டுபிடித்தது உன் கட்டைவிரலைத்தானா என்று கேட்டார். ஆமாம் சார் என்றாள். ஆறு மாதம் கொடுத்தார்கள், அதற்குள் உருப்படியாக ஏதாவது காட்ட வேண்டும். ஃபெரோஸ் வெளியே நின்றிருந்தார். "வா, டீ சாப்பிடலாம்" என்றதோடு சரி, கிண்டல் செய்யவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்ததாம். அம்மாவிடம் தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று சொன்னபோது, "ஒண்ணும் இல்லாமலாட்டி அம்புட்டுச் செவப்பு? நல்லாப் பாரு" என்றிருக்கிறாள்.

ரெஜினா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. விரலில் அவ்வளவு எண்ணெய் எப்படி வந்தது என்று. நூலகத்தில் தோல் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த உயரத்தில் நிற்கக்கூடியது ஸ்குவாலீன், மனிதத் தோலின் எண்ணெயில் பத்தில் ஒரு பங்குக்கு அது உண்டு. அது சரிதான். ஆனால் உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. விரலில் இருக்கும் அந்த எண்ணெய் பெரும்பாலும் முகத்திலிருந்து வருவது, நெற்றியையும் கன்னத்தையும் தொட்டுத் தொட்டு ஒட்டிக்கொள்வது என்று போட்டிருந்தது.